எஞ்சின் சூடாகும்வரை

என் கணவர் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வந்த ஞாயிற்றுக்கிழமை, டென்மார்க்கில் நாங்கள் இருந்த ஹேர்னிங் நகரில் விடாத மழை. துணிக் கூரை போட்ட, இரண்டு பேர் மட்டுமே இருக்கக்கூடிய, இங்கிலாந்தில் செய்த பழைய சிவப்புக் கார். அவரோடு பின்னலாடைத் தொழிற்சாலையில் வேலை செய்த டேனிஷ்காரர் ஒருவர் அதைப் பல வருடம் ஆசையாக வைத்திருந்தார். முதுகுவலி வந்து, அந்தத் தாழ்ந்த இருக்கையில் ஏறி இறங்க முடியாமல் போனபோதுதான் விற்றார். எங்களைத் தெரிந்த தமிழ்ச் சனம் சிரித்தது. குடும்பக்காரன் வாங்குகிற காரா இது என்று என் காதுபடவே கேட்டார்கள்.

அவர் அதை வாங்கியதற்குக் காரணம் இருந்தது. இளவயதில் யாழ்ப்பாணத்தில் தாய்மாமனின் கராஜில் கிடந்து வளர்ந்தவர் அவர். முன்மூடியைத் தூக்கி உள்ளே பார்த்துவிட்டு, "இது நான் எத்தினையோ தரம் கழட்டிப் பூட்டின எஞ்சின். உடுப்பு மட்டும்தான் வேற" என்று சொன்னார். டென்மார்க்குக்கு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பார்க்க எனக்கும் அதிக காலம் கிடைத்திருக்கவில்லை. கலியாணம் முடிந்து சில மாதங்களில் அவர் நாட்டை விட்டுப் புறப்பட்டார். நான் வந்து சேர்ந்தது எண்பதுகளின் நடுவில், ஒரு வசந்தகாலத்தில். இடைப்பட்ட காலத்தில்தான் என் அண்ணாவைக் கொண்டுபோனார்கள்.

அது அவருக்குத் தெரியும். யாரோ கடிதத்தில் எழுதியிருந்தார்கள். ரயில் நிலையத்தில் என் பையை வாங்கிக்கொண்டு, "எல்லாம் ஆறுதலாக் கதைப்பம்" என்றார். பிறகு நாங்கள் கதைக்கவில்லை. அவர் கேட்டால் நான் உடைந்துபோவேன் என்று அவர் பயந்தார். அவர் கேட்காததால் நானும் சொல்லவில்லை. வசந்தம் போய், கோடை போய், இலையுதிர் காலமும் வந்துவிட்டது.

நகரத்தின் ஓரத்தில் ஒரு கிழவரின் வீட்டு மேல்தளத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். மனைவியை இழந்தவர், பால் லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். வீட்டின் பின்னால் பலகையால் அடித்த ஒரு கராஜ் இருந்தது. தன் சைக்கிளையும் புல்வெட்டும் இயந்திரத்தையும் ஒரு மூலைக்குத் தள்ளி, காருக்கு இடம் தந்தார்.

கார் வந்து சில நாட்களில் என் கணவர் என்னைக் கராஜுக்குக் கூப்பிட்டார். விற்றவர் போகிற போக்கில் ஒரு விஷயம் சொல்லியிருந்தாராம். எஞ்சினில் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் உண்டு, பழைய கார்களுக்கு அது சகஜம் என்று. அது எங்கிருந்து வருகிறது என்று இவருக்குப் பிடிபடவில்லை. பின்னல் இயந்திரங்கள் வரிசையாக ஓடும் மண்டபத்தில் பகல் முழுக்க நின்றுவிட்டு வருகிறவர் அவர். அந்த இரைச்சல் காதுக்குள்ளேயே வீட்டுக்கும் வரும். நான் மெதுவாகக் கதைத்தால் இரண்டாம் முறை கேட்பார்.

"உம்மட காதுதான் நல்ல காது. நீர் ஒருக்காக் கேட்டுச் சொல்லும்" என்றார்.

ஸ்டார்ட் செய்தார். குளிரில் எஞ்சின் முதலில் திணறியது, பிறகு சீராகியது. அந்தச் சீரான ஓட்டத்துக்கு மேலே, மெல்லிய தகரத்தை விரலால் சுண்டுவது போல, அந்தச் சத்தம். டிக், டிக், டிக். விரைவாக, தவறாமல்.

கேட்கிறது என்று மட்டும் சொன்னேன்.

டபெட் அடிக்கிறது என்று அவர் தீர்மானித்தார். வால்வைத் திறந்து மூடுகிற அந்தச் சின்னக் கைகளுக்கு இடைவெளி கூடிவிட்டால் இப்படித்தான் தட்டுமாம். ஒரு சனிக்கிழமை முழுக்க மூடியைக் கழற்றி, மெல்லிய தகடுகளைச் செருகி அளந்து, ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். மறுநாள் காலை என்னைக் கூட்டிப் போய் ஸ்டார்ட் செய்தார். சத்தம் அப்படியே இருந்தது. அடுத்து எண்ணெயை மாற்றினார், கொஞ்சம் தடித்த எண்ணெய் விட்டார். அதற்கும் அது அசையவில்லை.

அதற்குப் பிறகுதான் ஸ்க்ரூட்ரைவரைத் தந்தார். நீளமான ஒன்று. நுனியை எஞ்சினில் வைத்து, மரக் கைப்பிடியைக் காதோடு அழுத்தினால் உள்ளே நடப்பதெல்லாம் கேட்குமாம். மாமாவின் கராஜில் அப்படித்தான் பிழை பிடிப்பார்கள். நான் குனிந்து பிடித்தேன். ஒரு பக்கத்திலிருந்து தொடங்கி இடம் மாற்றி மாற்றி வைக்கச் சொன்னார். ஒரு இடத்தில் அது காதால் அல்லாமல் எலும்பால் நேராக என் தலைக்குள் இறங்கியது. நான் ஸ்க்ரூட்ரைவரைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்தேன்.

புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் நினைத்தார். தண்ணீர் கொண்டுவந்து தந்து, தன்னையே திட்டிக்கொண்டார். நானும் புகை என்றே சொன்னேன்.

அண்ணாவைக் கொண்டுபோனது ஒரு மத்தியானம். அவர் சாப்பிட வந்திருந்தார். சோற்றில் கை வைத்தபோது வீட்டு முன் ஒழுங்கையில் ஒரு இராணுவ ஜீப் வந்து நின்றது. வந்தவர்கள் அம்மாவையும் என்னையும் அறைக்குள் விட்டு, கதவைச் சாத்தினார்கள், வெளியே ஒருவன் நின்றுகொண்டான். ஜன்னல் பின்பக்கம் பார்த்தது. வேலி உயரம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அண்ணாவின் குரல் ஒருமுறை கேட்டது, என்ன சொன்னார் என்று விளங்கவில்லை. அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் வாசல் படலையடியில் நின்ற அந்த ஜீப்பின் எஞ்சின்தான். அதை அவர்கள் நிறுத்தவில்லை. டிக், டிக், டிக் என்று ஓடிக்கொண்டே நின்றது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அம்மாவின் பிடி இறுகிய அளவு மட்டும் நினைவிருக்கிறது. பிறகு கதவு அடிபட்டது, சத்தம் ஒழுங்கையால் போனது. போய்ப் போய்ச் சிறிதாகியது. எந்த இடத்தில் அது கேளாமல் போனது என்று எனக்குத் தெரியாது. கேட்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு நிலையில் நான் வெகுநேரம் நின்றேன். சொல்லப்போனால் டென்மார்க்குக்கு வந்ததும் அந்த நிலையில்தான்.

இப்போது அந்தச் சத்தம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பலகைக் கராஜில் இருந்தது.

அதை வெறுத்து ஒதுங்கியிருப்பேன் என்று யாரும் நினைக்கலாம். நடந்தது வேறு. அவர் வேலைக்குப் போன பிறகு, எனக்கு டேனிஷ் வகுப்பு இல்லாத காலைகளில், சமையலறைக் கொழுவியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போகத் தொடங்கினேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் ஸ்டார்ட் செய்யப் பார்த்துப் பழகியிருந்தேன். சாவியைத் திருப்பிவிட்டு, ஓட்டுகிறவர் இருக்கையில் கோட்டோடு உட்கார்ந்து கேட்பேன். சத்தம் ஓடும்வரை அண்ணா வீட்டு முற்றத்தில்தான் இருக்கிறார் என்று எனக்கு ஒரு எண்ணம். ஜீப் இன்னும் போகவில்லை. இன்னும் ஏதாவது நடக்கலாம், யாராவது வந்து ஏதாவது சொல்லலாம். இதைப் பைத்தியம் என்று அப்போதும் எனக்குத் தெரிந்திருந்தது. அறிவு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். கால் கராஜுக்குப் போனது.

முதல் நாளே ஒன்று கவனித்தேன். கொஞ்ச நேரம் ஓடிய பிறகு அந்த டிக் மெலிந்தது. இன்னும் கொஞ்சம் ஓட, இல்லாமலே போய்விட்டது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, டிக் மட்டும் இல்லை. எந்தக் கணத்தில் நின்றது என்று பிடிக்க முடியவில்லை. மறுபடியும் வந்தபோது இன்னும் கவனமாகக் கேட்டேன். அன்றும் தப்பிவிட்டது. அந்தக் கணத்தைக் கேட்டுவிட வேண்டும் என்பது எனக்கு ஒரு வேலையாகிப்போனது.

இதற்கிடையில் அவர் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார். ஸ்பார்க் ப்ளக்குக்குப் போகும் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தபோது, மூன்றாவதைக் கழற்றினால் சத்தம் குறைகிறது என்று நான்தான் சொன்னேன். அப்படியானால் அந்த சிலிண்டருக்குள்ளேதான் பிழை, பிஸ்டனைத் தாங்கும் தண்டிலே தேய்மானம் இருக்கலாம் என்று பயந்தார். அது உண்மை என்றால் எஞ்சினை முழுதாக இறக்க வேண்டும். சாப்பிடும்போதும் அதையே யோசித்தார். ஓடிச் சூடானால் சத்தம் போய்விடுகிறது என்று அவருக்குத் தெரியாது. தெருவில் போகும்போது துணிக் கூரையில் அடிக்கிற காற்றில் அவருக்கு எதுவும் கேட்காது. அது முக்கியமான விஷயம் என்று எனக்கும் தெரியாது. எனக்கு அது காரைப் பற்றிய விஷயமாகவே இருக்கவில்லை.

நவம்பரில் ஒரு காலை மேற்கிலிருந்து பலத்த காற்று அடித்தது. எங்கள் யூட்லாந்துப் பகுதியின் அந்தக் காற்றுக்கு மறைப்பே கிடையாது, கடலில் கிளம்பினால் நேரே எங்கள் முற்றத்துக்கு வரும். கராஜின் இரட்டைக் கதவை அகலத் திறந்து கொளுக்கி மாட்டிவிட்டுத்தான் நான் உள்ளே போனேன். எஞ்சின் ஓடியது. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கொளுக்கி கழன்று கதவு இரண்டும் சாத்திக்கொண்டதையும் புகை உள்ளேயே நின்றதையும் நான் கவனிக்கவில்லை. வெளிச்சம் குறைந்தது தெரிந்தது, மழை இருட்டு என்று நினைத்தேன். நெற்றியைச் சுற்றி ஒரு கயிறு இறுக்குவது போல வலித்தது. டிக் மெலிந்துகொண்டு வந்தது. இதோ நிற்கப் போகிறது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

யாரோ என் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து இழுத்தார்கள். வீட்டுக்காரக் கிழவர். அந்த வயதில் அவருக்கு அவ்வளவு பலம் எப்படி வந்ததோ தெரியாது, இருக்கையிலிருந்து என்னைத் தூக்கி, ஈரப் புல்லில் கொண்டுபோய் இருத்தினார். போய் எஞ்சினை நிறுத்தினார். திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தார். நான் சாகத்தான் அங்கே போய் இருந்தேன் என்று அவர் நினைப்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. நான் இல்லை இல்லை என்று தலையாட்டினேன். எனக்குத் தெரிந்த டேனிஷில், நான் கேட்டேன், கேட்டுக்கொண்டிருந்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் தன் ஸ்வெட்டரைக் கழற்றி என் தோளில் போட்டு, "ஓம், ஓம்" என்பதற்கு அவர்கள் சொல்லும் "யா, யா" என்பதைப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொல்லிக்கொண்டே என் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தார்.

டாக்டர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். தொழிற்சாலைக்குத் தகவல் போய், இவர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். எதிர்க்காற்றில் மிதித்து வந்ததில் முகம் சிவந்து, கண்ணால் நீர் ஓடியது. கிழவர் அவரை வாசலில் மறித்து ஏதோ சொன்னார். இவர் மேலே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அதுக்குள்ள ஏன் போய் இருந்தனீர்?"

"சத்தம் நிக்கிறதைக் கேக்க."

"நிக்கிறதோ?"

"ஓம். சூடாக மெல்ல மெல்லக் குறைஞ்சு நிண்டுபோகும்."

அவர் நிமிர்ந்தார். அந்த ஒரு கணம் அவர் முகத்தில் வந்தது கணவன் அல்ல, கராஜ்காரன். அது வந்ததற்கு உடனே வெட்கப்பட்டதும் தெரிந்தது. பிறகு, எஞ்சின் நிற்கிறதை நான் ஏன் கேட்க வேண்டும் என்று கேட்டார்.

அப்போதுதான் சொன்னேன். சோற்றில் வைத்த கையிலிருந்து தொடங்கி, ஒழுங்கையால் போன சத்தம்வரை. ஊரில் இதை யாருக்கும் நான் சொன்னதில்லை. அங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் கேட்கவில்லை. சொல்லும்போது நான் அழவில்லை. அவர்தான் அழுதார், சத்தமில்லாமல். முகத்தைத் துடைக்கக்கூட இல்லை. அண்ணாவோடு அவருக்குப் பெரிய பழக்கமில்லை. கலியாண வீட்டில் கதைத்ததுதான்.

நான் சொல்லி முடித்தேன். வெளியே காற்று அடித்துக்கொண்டிருந்தது. பிறகு மிகவும் தயங்கி, கேட்கலாமோ என்று பயப்படுகிறவர் போல ஒன்று கேட்டார்.

"அந்த ஜீப் நிண்ட நேரம் முழுக்க அந்தச் சத்தம் கேட்டதோ? இடையில குறையேல்லையோ?"

நான் யோசித்தேன். அந்த மத்தியானத்தை அதுவரை அப்படி யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. "முழுக்கக் கேட்டது. ஒருக்காலும் குறையேல்லை" என்றேன்.

"தூரத்தில இருந்து வந்த ஜீப். எஞ்சின் நல்லாச் சூடாகியிருக்கும். சூட்டிலயும் குறையாமல் அடிச்சதெண்டா அது டபெட்தான்." என் கையைப் பிடித்தார். "இது சூடானா நிக்குது. இது அது இல்லை. விளங்குதோ? இது அது இல்லை."

இந்தச் சொல் எனக்கு ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்று இன்றைக்கும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. தேற்றுகிற வார்த்தை எத்தனையோ கேட்டிருக்கிறேன். கடவுள் பார்த்துக்கொள்வார், திரும்பி வருவான், மனதைத் தளரவிடாதே. அவற்றில் ஒன்றையும் என்னால் சரிபார்க்க முடியாது. இதைச் சரிபார்க்கலாம். இரண்டு எஞ்சின், இரண்டு பிழை. ஒன்று எங்கள் ஒழுங்கையில், மற்றது இங்கே. அன்று முதல்முறையாக இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர் வந்தது. மெல்லிய சுவர்தான்.

அடுத்த சனிக்கிழமை இவரும் கிழவரும் சேர்ந்து கராஜில் நின்றார்கள். நானும் போனேன். கதவு இரண்டுக்கும் அடியில் கிழவர் கல் வைத்திருந்தார். அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயில் ஒரு துண்டை வெட்டி, ஒரு முனையை என் காதில் வைக்கத் தந்து, மறுமுனையைத் தானே பிடித்து எஞ்சினின் பக்கவாட்டில் மெதுவாக நகர்த்தினார். புகை வெளியேறும் இரும்புக் குழாய்கள் எஞ்சினோடு சேரும் இடத்துக்கு வந்தபோது சத்தம் மாறியது. அதுவரை தகரத்தில் தட்டுவது போல இருந்தது, கிட்டக் கேட்கும்போது ஊதுவது போல இருந்தது. யாரோ பல்லிடுக்கால் மூச்சை விடுகிறார்கள். நான் கையைத் தூக்கினேன். இவர் குனிந்து விளக்கைப் பிடித்துப் பார்த்தார். மூன்றாவது சிலிண்டருக்கு நேரே, அந்தப் பொருத்தில், விரல் அகலத்துக்குக் கரி படிந்திருந்தது. அங்கே இருக்க வேண்டிய போல்ட் ஒன்று உள்ளேயே முறிந்து கிடந்தது.

குளிரில் அந்த இடைவெளியால் புகை பிய்த்துக்கொண்டு வரும், ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு டிக். சூடாகி இரும்பு விரிய, இடைவெளி தானாக மூடிக்கொள்ளும். இவர் இதை எனக்குத் தமிழிலும் கிழவருக்குக் கைச்சாடையிலும் விளக்கினார். முறிந்த போல்ட்டை எடுக்கத்தான் பெரும்பாடு. எண்ணெய் விட்டு ஊறவைத்து, சூடுகாட்டி, துளைத்து, கடைசியில் கிழவர்தான் எடுத்தார். பொருத்தை அடைக்கும் புது கேஸ்கட் போட்டு இறுக்கினார்கள்.

மறுநாள் காலை நல்ல குளிர். இவர் ஸ்டார்ட் செய்துவிட்டு என்னைப் பார்த்தார். "கேக்குதோ?"

நான் கேட்டேன். எஞ்சின் மட்டும் ஓடியது. "இல்லை" என்றேன்.

அவர் சந்தோஷமாக என்னை ஏற்றிக்கொண்டு மேற்குக் கடல் பக்கம் ஓட்டினார். வழியெல்லாம் உறைபனி பிடித்த வயல்கள். நான் காதைக் கூர்மையாக வைத்துக்கொண்டே போனேன். இல்லை, இல்லை, இல்லை. ஏதோ ஒரு தேவாலயத்தைத் தாண்டும்போது எனக்கு அழுகை வந்தது. அண்ணாவைக் கொண்டுபோய் ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது, நான் அழுதது அன்றுதான். ஜீப் போய்விட்டது. முற்றத்தில் யாரும் இல்லை. அவர் காரை ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை நிறுத்தவா விடவா என்று தெரியாமல் சாவியில் கை வைத்தபடி இருந்தார். நான் நிறுத்தச் சொன்னேன். பிறகு, "கொண்ணை எப்பிடி ஆள்?" என்று கேட்டார். சாப்பிடும்போது கதைத்தால் அண்ணாவுக்குப் பிடிக்காது என்று சொன்னேன். அதிலிருந்து தொடங்கினேன்.

கிழவர் கடைசிவரை என்னை நம்பவில்லை என்று நினைக்கிறேன். அந்தக் குளிர்காலம் முழுக்க, இவர் வேலைக்குப் போன பிறகு, ஏதாவது ஒரு சாட்டோடு மேலே வந்து கதவைத் தட்டுவார். ஒரு நாள் ரொட்டி, ஒரு நாள் குளிர் அதிகமா என்று விசாரிப்பு. நான் கதவைத் திறந்து நிற்பதைப் பார்த்துவிட்டால் போதும், இறங்கிப் போய்விடுவார். என் டேனிஷ் தேறி, நடந்ததை ஒழுங்காகச் சொல்லக்கூடிய காலம் வந்தபோது நாங்கள் பிரெடெரிசியாவுக்கு மாறியிருந்தோம்.

அதற்கு முன்பே கார் போய்விட்டது. மகள் என் வயிற்றில் தரித்தாள், இரண்டு இருக்கையில் மூன்று பேர் போக முடியாது. ஹோர்சன்ஸிலிருந்து ஒரு இளைஞன் வந்து, நீண்ட நேரம் எஞ்சினைக் கேட்டுவிட்டு, நன்றாக ஓடுகிறது என்று சொல்லி வாங்கிப் போனான்.

அண்ணாவைப் பற்றி எந்தச் செய்தியும் வரவில்லை. போகாத இடமில்லை, கேட்காத ஆளில்லை என்று அம்மா அலைந்து ஓய்ந்தார். பிறகு ஊருக்குத் தொலைபேசி வசதி வந்த காலத்தில், நான் எடுக்கும் ஒவ்வொரு அழைப்பிலும், பேரப்பிள்ளைகளை விசாரித்து முடித்துவிட்டு, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி அம்மா கேட்பார்: "அங்கால ஏதும் கேள்விப்பட்டனியே, பிள்ளை?" எங்கள் ஒழுங்கையில் நடந்ததற்கு டென்மார்க்கில் எப்படிச் செய்தி வரும் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. இல்லை அம்மா, கேள்விப்பட்டால் உடனே சொல்லுவேன் என்பேன். அம்மா சரி என்பார். சரி என்ற பிறகும் தொலைபேசியை வைக்கமாட்டார். நானும் வைக்கமாட்டேன்.